வாய் திறக்காத கிளாராள்

அல்போன்சம்மாளுக்கு வயது அறுபத்தொன்று. அதில் பத்தொன்பது வருஷம் அவள் கெட்டவள். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், மாதா கோயில் திருவிழாவில், நாடக மேடையில், இரண்டரை மணி நேரம்தான். நம் சனங்களுக்கு அது போதாதா? மறுநாள் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால்கூட, "பெர்னதாள் வர்றா, கதவைப் பூட்டுங்க" என்று ஒருத்தி சிரிப்பாள். பக்கத்தில் நிற்பவள் சிரிப்போடு சிரிப்பாகத் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்வாள்.

நாடகம் தெரியாதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடலாம். ராஜா போருக்குப் போயிருக்கிறார். கோட்டைச் சாவி அரசி பெர்னதாளிடம் இருக்கிறது. எதிரிகள் இளவரசனைப் பிடித்து மேற்கு வாசலுக்கு வெளியே நிறுத்தி, கதவைத் திறந்தால் மகனைத் தருகிறோம் என்கிறார்கள். பெற்ற வயிறு கேட்குமா? திறந்துவிடுகிறாள். எதிரி உள்ளே புகுந்து ஊரையே அழிக்கிறான். மகனும் சாகிறான். மாமியார் சாவியை எடுத்ததை மருமகள் கிளாராள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். தளபதியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். மாமியாரைக் காட்டிக்கொடுப்பது குலப்பெண்ணுக்கு அழகல்ல என்று வாயை மூடிக்கொண்டு, கடைசியில் விஷம் குடித்து, இருபது நிமிஷம் பாடிவிட்டுத்தான் உயிரை விடுவாள். அந்தப் பாட்டுக்கு மண்டபமே மூக்கைச் சிந்தும்.

கிளாராள் வேஷம் மேரி வசந்தகுமாரிக்கு. ஐம்பத்தாறு வயதில் இருபது வயது மருமகள்! இரட்டைச் சடை டோப்பா வேறு. நாடகம் முடிந்ததும் ஊரே மேடைக்குப் பின்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க முகத்துலயே ஒரு ஹோலி லுக் இருக்கு லா" என்று உருகும். அல்போன்சம்மாள் தன் கிரீடத்தைத் தானே கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். அவளிடம் யாரும் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதில்லை.

கெட்டவள் வேஷம் அவளுக்கு வந்தது குரலால். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவள். அப்பா இயேசுதாசன் கப்பலில் மூட்டை இறக்கினார். கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவருக்கு ஒரு தொண்டை வாய்த்தது, அது அப்படியே மகளுக்கும் வந்துவிட்டது. படிப்பு பாதியில் நின்றது. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி, பிறகு பள்ளிக்கூட கேண்டீன், இப்போது பொங்கோலில் ஒரு கொண்டோவில், பணக்காரர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பில், செக்யூரிட்டி. காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை பன்னிரண்டு மணி நேரம். மகன் கேலப்புக்கு ஒன்பது வயதாக இருந்தபோது புருஷன் போய்ச் சேர்ந்தார். அதன்பின் அவள் வாங்கிய செங்காங் வீட்டில் ஒவ்வொரு தரை ஓடும் அவள் கால்வலியில் போட்டது. அந்த வீட்டுக்கும் வசந்தகுமாரி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

கேலப்புக்குப் பெதானியைக் கட்டிவைத்து ஐந்து வருஷம் ஆகிறது. நாலு வயதில் கேட்லின் என்று ஒரு பேத்தி. மருமகளை அல்போன்சம்மாளுக்குப் பிடிக்காது. ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? பெதானி சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டாள், கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டாள், எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் கிடப்பாள். "சுவத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலி வரும்" என்று கிழவி வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். ஏன் அந்தப் பெண் அப்படிக் கிடந்தாள் என்று நாலு வருஷம் அவளுக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள் காய்ச்சல் என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். லிஃப்டை விட்டு இறங்கும்போதே சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் பெதானியின் உதடு கிழிந்து ரத்தம் வழிகிறது. கேட்லின் மேசைக்கு அடியில். கேலப் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே, "அம்மா, இது எங்களுக்குள்ள உள்ள விஷயம். நீங்க உள்ள போய்ப் படுங்க" என்றான். குரலில் ஒரு பதற்றம்கூட இல்லை. பழகிய வேலையைச் செய்பவன் பேச்சு அது.

அவள் போய்ப் படுக்கவில்லை. போலீசுக்குப் போன் போட்டாள்.

போலீஸ் வந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாள் பெதானி! அல்போன்சம்மாளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் வீடு அவள் பெயரில் இருந்ததால் அன்றைக்கே மகனை வெளியே போகச் சொன்னாள். மூன்று வாரம் கழித்துத்தான், ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், அத்தை வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து நடந்த நாலு வருஷக் கதையைப் பெதானி சொன்னாள். பாதுகாப்பு ஆணை கேட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். கேலப் எதிர்த்து நின்றான். ஒரே ஒரு நாள் கைகலப்பு, அதுவும் நடக்கவில்லை என்று மனைவியே போலீசிடம் சொல்லியிருக்கிறாள், அம்மாவுக்கு மருமகளைப் பிடிக்காது, வீட்டைப் பிரிக்கப் பார்க்கிறாள் என்றான். கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆணை கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அல்போன்சம்மாளுக்குத் தெரியும். அவன் நாலு பூவோடு வந்து நிற்பான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த அசடு பின்னாலேயே போய்விடும். அடுத்த தடவை உதட்டோடு நிற்காது.

நாலு வருஷத்துக்குச் சாட்சி வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளைத் தவிர வேறு யார்?

மூன்று தடவை வசந்தகுமாரியின் வாசலில் போய் நின்றாள். பத்தொன்பது வருஷப் பகையை விழுங்கிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா. நான் டிவி போட்டிருப்பேன்" என்றாள் வசந்தகுமாரி முதல் தடவை.

"நாலு வருஷமுமா டிவி ஓடிச்சு?"

"குடும்ப விஷயத்தைக் கோர்ட்டுக்கு இழுக்குறது நம்ம பழக்கமா?" என்றாள் இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை கிரில் கதவைக்கூடத் திறக்கவில்லை. "பெத்த பிள்ளையையே போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தவங்க நீங்க. எனக்கு அந்தப் பாவம் வேணாம். இத்தோட விடுங்க."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாடகத்தில் ஊரைக் காட்டிக்கொடுத்தவள் வீட்டில் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று பூசை முடிந்து தே தண்ணீர் குடிக்கும் இடத்திலேயே பேசினார்கள். பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கவேண்டிய நேரத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரி பாட்டுப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தாள். பெதானியை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேலப்பின் தோளில் மட்டும் ஆளாளுக்குத் தட்டிக்கொடுத்தார்கள்.

இந்த வருஷம் நாடகம் நடக்க வழியில்லாமல் போனது. இளவரசனாக நடிப்பவனே கேலப்தான். அம்மாவையும் மகனையும் எப்படி ஒரே மேடையில் ஏற்றுவது? கோயிலின் தமிழ்க் குழுவான அன்பியத்துக்குச் செயலாளர் ஜூலியஸ் யோசித்து, நாடகத்துக்குப் பதில் நாடகத்தைப் பற்றி ஒரு பட்டிமன்றம் வைத்தான். "கோட்டை வீழ்ந்ததற்குப் பெரிதும் காரணம் கதவைத் திறந்த பெர்னதாளா? வாய் திறக்காத கிளாராளா?" என்று தலைப்பு. பெர்னதாளே என்ற அணிக்குத் தலைவி வசந்தகுமாரி. கிளாராளே என்ற அணிக்குத் தலைமை தாங்க ஒருவரும் கிடைக்கவில்லை. புனிதவதியைப் பழித்துப் பேசி யார் கெட்ட பெயர் வாங்குவது?

"ஆண்ட்டி, நீங்க பேசுறீங்களா?" என்று ஜூலியஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பேசுறேன்" என்றாள் அல்போன்சம்மாள், அவன் முடிப்பதற்குள்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். வசந்தகுமாரி இதுவரை ஏறிய பட்டிமன்ற மேடை ஒன்றிலாவது சொந்தக் கதை சொல்லாமல் இறங்கியதில்லை. எழுதிவந்த பேச்சுக்குக் கைதட்டல் குறைந்தால் போதும், "என் வாழ்க்கையிலயே நடந்ததைச் சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். புருஷன் குறட்டையிலிருந்து நாத்தனார் நகை வரை எல்லாம் மேடை ஏறியாயிற்று. பட்டிமன்றம் என்றாலே நம் ஆட்களுக்கு அந்தச் சொந்தக் கதைதானே ருசி? கொண்டோ கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி அல்போன்சம்மாள் ஒரே ஒரு கேள்வியைத்தான் மனசில் உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாயிலிருந்து இந்தக் கதையை எப்படி வரவழைப்பது?

திருவிழா ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி. பிரியாணி முடிந்து மண்டபம் நிறைந்திருந்தது. வழக்கம்போல ஜூலியஸ் மூன்றுகால் ஸ்டாண்டில் கேமராவை வைத்து யூடியூபில் லைவ் விட்டிருந்தான். நடுவர் சுந்தரேசன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நெற்றியில் விபூதியோடு வந்து கோயில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் மேடை ஏறியிருந்தார். மூன்றாவது வரிசையில் கேலப், இஸ்திரி போட்ட சட்டையில். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், மடியில் பிள்ளையோடு பெதானி. வரமாட்டேன் என்றவளை அல்போன்சம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

வசந்தகுமாரி முதலில் பேசினாள். பட்டுப்புடவை, தாளில் எழுதிய பேச்சு, அடுக்குமொழி. "தாய்ப்பாசம் என்ற பேரிலே தாய்நாட்டையே விற்றவள் பெர்னதாள்! கிளாராளோ பொறுமையின் சிகரம், மௌனத்தின் மகுடம்!" என்று முழங்கினாள். பிறகு தாளை மடித்துவிட்டு எதிரணியைப் பார்த்துச் சிரித்தாள். "சில பேர் கோட்டையை அழிப்பாங்க நடுவர் அவர்களே. சில பேருக்குச் சொந்த வீடே போதும்."

மண்டபம் 'ஓ'வென்று கத்தியது. நூறு தலையாவது திரும்பி அல்போன்சம்மாளைப் பார்த்தது. கேலப் கைதட்டினான். பெற்றவளுக்கு அது எங்கே தைக்குமோ அங்கே தைத்தது. ஆத்திரப்பட்டு இப்போது ஒரு வார்த்தை பதிலுக்குக் கத்தினால் எல்லாம் பாழ் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"நடுவர் அவர்களே, பெரியோர்களே. பெர்னதாள் செஞ்சது பாவம். பத்தொன்பது வருஷம் நானே செஞ்ச பாவம், எனக்குத் தெரியாதா?" சிரிப்பு எழுந்தது. "ஆனா கிளாராளைப் புனிதவதின்னு சொல்றாங்களே, அதுதான் எனக்குப் புரியல. அவளுக்கு விஷயம் தெரியும்னு யார் சொன்னா? தூணு இவ்ளோ தடி. அந்தப் பொண்ணுக்குக் காது மந்தமா இருந்திருக்கும். புத்தியும் கொஞ்சம் மட்டா இருந்திருக்கும். ஒண்ணுமே தெரியாம வாயை மூடிக்கிட்டு இருக்கறதுல என்ன பெருமை? எங்க வீட்டு அம்மிக்கல்லும்தான் பேச மாட்டேங்குது. அதுக்கு நாம மாலை போடுறோமா?"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சுந்தரேசன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வசந்தகுமாரியின் முகம் கறுத்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் கிளாராளைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

"தெரிஞ்சும் சொல்லாம இருக்கறது வேற" என்று மெதுவாகச் சொன்னாள் அல்போன்சம்மாள். "அதுக்கு ஒரு நெஞ்சு வேணும். அப்படி ஒரு பொம்பளை இந்த ஊர்ல இருக்கறதா எனக்குத் தெரியல. இருந்தா எதிரணித் தலைவி காட்டட்டும். நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு இறங்கிடுறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மற்றப் பேச்சாளர்கள் பேசினார்கள், அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியாகத் தொகுப்புரைக்கு வசந்தகுமாரி எழுந்தாள். எழுதிவந்த தாளை எடுக்கவே இல்லை.

"அம்மிக்கல்லா? யாருக்குப் புத்தி மட்டு?" பட்டிமன்றத் தமிழ் போய்ச் செங்காங் தமிழ் வந்துவிட்டது. "தெரிஞ்சும் சொல்லாம இருந்த பொம்பளை வேணுமா? என் வாழ்க்கையிலயே சொல்றேன். பேரு சொல்ல மாட்டேன், எனக்கு அந்தப் புத்தி கிடையாது. சுவத்துக்கு அந்தப் பக்கம் நாலு வருஷம்! வாரம் தவறாது. பெல்ட்டால அடிக்கற சத்தம் எப்படி இருக்கும்னு உங்க யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு வாயில துணியை அடைச்சுக்கிட்டு அழுவா. பச்சப்புள்ள 'டாடி வேணாம், டாடி வேணாம்'னு கத்தும். எனக்கு எல்லாம் கேக்கும். அடுத்த வீட்டுக்கும் கேட்டுடக் கூடாதேன்னு எந்திரிச்சுப் போய் டிவி சத்தத்தைக் கூட்டி வெப்பேன். ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டேனா? இல்ல! பக்கத்து வீட்டு மானம் என் மானம்னு நெனச்சேன். அந்த நெஞ்சு எனக்கு இருக்கு. நான்தான் கிளாராள்!"

முன்வரிசை பழக்கத்தில் கைதட்டிவிட்டது. நாலைந்து பேர் விசில்கூட அடித்தார்கள். பிறகு கைதட்டல் நடுவிலேயே செத்தது. கடைசி வரிசையில் பெதானி பிள்ளையின் காதை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். கேலப் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தகுமாரி மட்டும் இன்னும் கைதட்டலுக்காகக் காத்து நின்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நுணலுக்காவது கெட்டது உடனே தெரிந்திருக்கும்.

சுந்தரேசன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். மறுபடியும் துடைத்தார். தீர்ப்பை அவர் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார் போல, நாக்குக் குழற அதையே வாசித்தார். கோட்டை வீழ்ந்ததற்குப் பெரிதும் காரணம் பெர்னதாளே. பொன்னாடை வசந்தகுமாரிக்கு. மண்டபத்தில் ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று பலமாகக் கைதட்டியது. அது அல்போன்சம்மாள்.

கை தட்டி முடிந்ததும் நேராகக் கேமராவுக்குப் போனாள். "ஜூலியஸ், இது பதிவாயிருக்கா?"

"லைவ் லா ஆண்ட்டி" என்றான், முகம் வெளுத்து. "நானூறு பேர் பார்த்துட்டாங்க."

"அப்படியே எனக்கு அனுப்பு. இப்பவே அனுப்பு, நான் நிக்கிறேன்."

அதற்குள் யாரோ வசந்தகுமாரியின் காதில் ஓதியிருந்தார்கள். பொன்னாடையோடு ஓடிவந்தாள். "அக்கா, அதை டிலீட் பண்ணச் சொல்லுங்க! நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கா!"

"மூணு தடவை உன் வாசல்ல வந்து நின்னு, அந்தப் பேச்சைத்தானே கேட்டேன்? சம்மன் வரும் வசந்தா. வந்து, டிவி போட்டிருந்தேன்னு சொல்லு. எதுக்குச் சத்தமா வெச்சேன்னும் சேர்த்துச் சொல்லு."

"பொறி வெச்சுட்டீங்க. நீங்க பெர்னதாளேதான்!" என்று அவள் கத்தினாள். சுற்றி நின்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு பெண்ணின் முதுகில் நாலு வருஷம் பெல்ட் விழுந்தது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு புனிதவதியை மேடையில் வைத்து வாயைப் பிடுங்கியதுதான் பெரிய அநியாயமாக இருந்தது. த்தூ!

ஒன்பது நாள் கழித்து விசாரணை. வசந்தகுமாரி வெறும் கழுத்தோடு, பருத்திப் புடவையில் வந்தாள். வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கேள்வி கேட்கக் கேட்க, தலையைக் குனிந்துகொண்டு, எந்தக் கிழமை, என்ன சத்தம், குழந்தை என்ன சொல்லிக் கத்தியது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவ்வளவு நினைவு வைத்திருந்தாள் பாவி. ஆணை கிடைத்தது. கேலப் அந்த வீட்டுக்குள் காலை வைக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதினார்கள். வெளியே பெஞ்சில் பெதானி அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு மாமியாரிடம், "சாப்பிட்டீங்களா அத்தை?" என்றாள். ஐந்து வருஷத்தில் அவளாக வந்து கேட்ட முதல் கேள்வி அது.

கேலப் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றான். கண் சிவந்திருந்தது.

"நாடகத்துல பெர்னதாள் பிள்ளைக்காகக் கதவைத் திறந்தாம்மா. என்ன பாவம் செஞ்சாலும் அவ அம்மா. நீங்க?"

"திறந்தா. அதனாலதான்டா ஊரும் செத்துச்சு, பிள்ளையும் செத்தான்" என்றாள்.

சொல்லிவிட்டு அவனையே பார்த்தாள். ஒன்பது வயதில் அப்பா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டவன் இவன். வந்து பிடித்தால் போதும், திட்டிக்கொண்டே அழலாம் என்று நின்றாள். ஆணையில் பெதானியின் பெயர் இருந்தது, கேட்லினின் பெயர் இருந்தது. அம்மாவின் பெயர் இல்லை. அவளிடம் வர அவனுக்கு எந்தத் தடையும் இல்லை. லிஃப்ட் வந்தது. அவன் ஏறிப் போனான்.